சொண்டு இல்லாத ஆறாவது கொக்கு

மூலம் என்றுதான் நினைத்தேன். மலத்தோடு இரத்தம் போனால் எங்கள் பக்கத்தில் எவரும் முதலில் நினைப்பது அதைத்தான். கத்தரிக்காயை நிறுத்தினேன். மிளகாய்த்தூளைக் குறைத்தேன். கருணைக்கிழங்கு வாங்கிச் சமைத்தேன். ஏழு மாதம் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

கூச்சம்தான். வேறொரு காரணமும் இல்லை. அதன்பின் வந்த ஒரு வருடத்தில் எத்தனை பேர் முன்னால் எத்தனை தரம் உடுப்பை விலக்கிக்கொண்டு படுத்திருப்பேன் என்று நினைத்தால் அந்தக் கூச்சத்தின் மேல் கோபம்தான் வருகிறது. இதை வாசிக்கும் நீங்களும் ஏதாவதொன்றை மூலம், வாய்வு, வயது என்று உங்களுக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு இருக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து இதை மூடிவைத்துவிட்டு முதலில் ஒரு டொக்டரிடம் போங்கள். கட்டுரை எங்கும் ஓடிப்போகாது.

வீடு மானிப்பாயில். வேலை யாழ்ப்பாண நகரத்தில் ஓர் அச்சகத்தில். பஸ் தரிப்பிடத்திலிருந்து அச்சகத்துக்கு ஐந்து நிமிட நடை. அந்த ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கியபோது, என் கணவர் அருளர் ஒரு நாள் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"என்னப்பா, கண் வெள்ளையாக் கிடக்கு. நாளைக்கு இரத்தம் சோதிப்பம்" என்றார். அருளர் தபால் கந்தோரில் (அலுவலகத்தில்) முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒரு தரம் திருப்பிப் பார்த்துத்தான் நம்புவார்.

ஹீமோகுளோபின் (இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருள்) இருக்கவேண்டியதில் பாதிதான் இருந்தது. இவ்வளவு இரத்தமும் எங்கே போகிறது என்று டொக்டர் கேட்டபோதுதான் ஏழு மாதக் கதையை முதன்முதலாகச் சொன்னேன். அருளர் பக்கத்துக் கதிரையில் (நாற்காலியில்) இருந்தார். நான் அவரிடம் மறைத்த முதல் விஷயம் அது. கடைசி விஷயமும் அதுவாக இருந்திருக்கலாம்.

கொலனோஸ்கொபி (பின்வழியாகக் கமராக் குழாய் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். குடலில் ஒரு கட்டி தெரிந்தது. பயொப்சி (கட்டியிலிருந்து சிறு துண்டெடுத்துச் சோதித்தல்) முடிவு வர இரண்டு கிழமை (வாரம்) ஆனது. புற்றுநோய்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாளன்று அவருடைய படமும் வாழ்க்கைக் குறிப்பும் பிள்ளைகளின் புலம்பலும் போட்டு ஒரு சிறு புத்தகம் அச்சடித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். கல்வெட்டு என்போம். நான் கல்வெட்டுக்குப் பக்கம் அமைப்பவள். படங்களைத் திருத்துவதும் நான்தான்.

இறந்தவர்களை அழகாக்குவதில் நான் கெட்டிக்காரி. மூக்கில் போட்ட குழாயை எடுத்துவிடுவேன். கண்ணுக்குக் கீழே உள்ள கருமையை நீக்குவேன். நோயில் தலைமயிர் கொட்டிப்போன ஒரு தாய்க்கு மகளின் படத்திலிருந்து கூந்தலை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். "அம்மா அப்பிடியே இருக்கிறா" என்று அந்த மகளே படத்தைப் பார்த்து அழுதாள்.

'கொடிய நோயினால் ஐம்பத்திரண்டாவது வயதில்' என்ற மாதிரியான வரிகளை எத்தனை தரம் தட்டச்சு செய்திருப்பேனோ தெரியாது. எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு. பயொப்சி முடிவைக் கையில் வாங்கியதும் அந்த வரிதான் கண் முன்னால் வந்தது. அடுத்த நினைப்பு, என் படத்தை யார் திருத்துவது, அச்சகத்தில் மற்றவர்களுக்குக் கழுத்துச் சுருக்கம் எடுக்கத் தெரியாதே என்பது. மனம் அப்படித்தான் வேலை செய்தது. நான் என்ன செய்ய?

அச்சகத்தில் எனக்குச் சம்பளத்துக்கு மேல் கிடைத்த ஒன்று தாள். புத்தக ஓரங்களை வெட்டும் மெசினுக்குக் கீழே தினமும் ஒரு குவியல் துண்டுகள் விழும். முதலாளி தவம் அண்ணை அவற்றை எடைக்குப் போடுமுன் நல்லதாக நாலைந்தை நான் பொறுக்கிக்கொள்வேன். பத்து வருடமாக அவற்றில் ஒரிகாமி மடிக்கிறேன். வெட்டாமல் ஒட்டாமல், ஒரே சதுரத் தாளை மடித்து மடித்தே உருவம் செய்வதுதான் ஒரிகாமி. கணினியில் பார்த்துப் பழகியது. தவளை, நண்டு, மீன், பெட்டி எல்லாம் மடித்திருக்கிறேன். ஆனால் கை தானாகப் போவது கொக்குக்குத்தான். நான்கு சென்ரிமீற்றர் சதுரத்தில் ஒரு கொக்கு மடிக்க எனக்கு ஆறு நிமிடம் போதும்.

மடித்ததைப் படம் எடுப்பேன். சாமான்கள் பெரிதாக ஒன்றுமில்லை. மேற்குப் பக்க யன்னல். அருளரின் பழைய கறுப்புக் காற்சட்டைத் துணி. வெளிச்சத்தைத் திருப்பி விட ஒரு வெள்ளை ரெஜிபோம் (தெர்மாகோல்) பலகை. கிட்டத்தில் எடுக்கக்கூடிய ஒரு பழைய லென்ஸ். பின்னேரம் நாலு மணிக்கு அந்த யன்னலில் வரும் வெளிச்சம் தாளின் ஒவ்வொரு மடிப்பையும் காட்டிக்கொடுக்கும். நான் பாவிப்பது ஒரு பக்கம் மாத்திரம் நீலம் அடித்த மெல்லிய தாள். ஓரத்தோடு ஓரம் சரியாகச் சேராவிட்டால் உள்ளே இருக்கும் வெள்ளை ஒரு கோடாக வெளியே தெரியும். வெறும் கண்ணுக்குத் தெரியாத கோடு லென்ஸில் கயிறு மாதிரித் தெரியும். அந்தக் கோடு தெரியாமல் மடிப்பதில் எனக்கு ஒரு பெரிய கர்வம் இருந்தது. படங்களைப் போடுவது பதினைந்து பேர் இருக்கிற ஒரு வட்ஸ்அப் குழுவில். எல்லாரும் எங்கேயோ ஒரு மூலையில் தனியாக இருந்து தாள் மடிப்பவர்கள்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. குடலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு முனைகளைப் பொருத்தினார்கள். ஆனால் கூடவே எடுத்த நிணநீர்க் கணுக்களில் (உடம்பின் நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) இரண்டில் நோய் இருந்தது. அதனால் கீமோதெரபி (புற்று உயிரணுக்களைக் கொல்லும் மருந்து ஏற்றுதல்) வேண்டும் என்றார்கள். மூன்று கிழமைக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்து, இடையில் குளிசைகள் (மாத்திரைகள்). இப்படி எட்டுத் தடவை.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தோடம்பழமும் (ஆரஞ்சு) பால்மாப் பெட்டியும் கொண்டுவந்தார்கள். தவம் அண்ணை மட்டும் ஒரு கட்டு நீலத் தாளோடு வந்தார், சதுரம் சதுரமாக வெட்டி.

"தோடம்பழம் எல்லாரும் கொண்டு வருவினம் பிள்ளை. இதை முடிச்சுப்போட்டு வேலைக்கு வா. நீ இல்லாமல் அங்கை செத்த சனமெல்லாம் அவலட்சணமாக் கிடக்கு" என்றார். தையல் இழுக்க இழுக்கச் சிரித்தேன்.

மருந்துப் பிரிவின் டொக்டர் என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். மெலிந்த பெண். அவசரப்படாமல் கதைப்பார். முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"அம்மா, இந்த மருந்து நரம்பைத் தாக்கும். குளிர்ந்த சாமானைத் தொட்டால் ஊசி குத்தின மாதிரி இருக்கும். அது சில நாளிலை போயிடும். ஆனா அடுத்த ஊசிக்கு வரேக்கையும் விறைப்பு இருந்தா கட்டாயம் எனக்குச் சொல்லவேணும். அப்ப மருந்தைக் குறைக்கிறதோ நிப்பாட்டிறதோ எண்டு நான் யோசிக்கவேணும்."

அவர் சொன்ன முதல் பாதி எச்சரிக்கை. எனக்குக் காதில் நின்றது பின் பாதி. மருந்தைக் குறைப்பார்கள்.

முதல் மருந்தேற்றிய மறுநாள் குளிர்சாதனப் பெட்டிக்குள் கையை விட்டேன், தயிர் எடுக்க. கத்தியேவிட்டேன். விரல் நுனி ஒவ்வொன்றிலும் குண்டூசி ஏற்றிய மாதிரி. பச்சைத் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகியது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு குசினியில் (சமையலறையில்) நின்ற ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். ஒரு கிழமையில் எல்லாம் தணிந்தது.

ஒவ்வொரு தடவையும் மருந்துக்கு முதல் நாள் இரத்தப் பரிசோதனை. அது முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஒரு கொக்கு மடிப்பது என்று வைத்துக்கொண்டேன். அதே நீலத் தாள், அதே நாலு மணி, அதே யன்னல். மடித்துப் படமெடுத்து, சிறகுக்கு அடியில் பென்சிலால் இலக்கம் போட்டு ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் (தகரப் பெட்டிக்குள்) வைப்பேன். எட்டுக் கொக்கு சேர்ந்ததும் எட்டையும் ஒன்றாக நிறுத்திப் படமெடுக்கவேண்டும், அதுதான் என் கணக்கு. குழுவில் எல்லோரும் அடுத்த கொக்குக்காகக் காத்திருந்தார்கள்.

மூன்றாவது கொக்கு வரை கர்வத்துக்குக் குறைவில்லை. நாலாவதில் சொண்டு (அலகு) மடிக்கும்போது தாள் விரலுக்குள் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்கவேண்டி வந்தது. கொக்கின் சொண்டு என்பது நகத்தளவு முனையை உள்ளே தள்ளி அமுக்குவது. அதைக் கண் பார்த்துச் செய்வதில்லை, விரல் பார்த்துச் செய்யும். என் விரல் பார்க்கவில்லை. மருந்தேற்றி மூன்று கிழமை முடிந்தும் நுனிகள் மரத்துப்போய் இருந்தன. கையுறையைக் கழற்றிய பிறகும் கையுறை போட்டிருக்கிற மாதிரி.

படத்தில் வெள்ளைக் கோடு கயிறு கயிறாகத் தெரிந்தது. கணினியில் திறந்தேன். பத்து வருடம் இறந்தவர்களுக்குச் செய்த வேலையைக் கொக்குக்குச் செய்தேன். கோடுகளை நீலமாக்கினேன். சொண்டைக் கூராக்கினேன். குழுவில் போட்டேன். 'இதுதான் எல்லாத்திலும் அழகு' என்று ஒருவர் எழுதினார்.

மறுநாள் டொக்டர் கேட்டார். "விறைப்பு இருக்கோ?"

"குளிருக்கு மட்டும்தான் டொக்டர். இப்ப ஒண்டுமில்லை" என்றேன்.

எங்கள் ஊரில் இது ஒரு பழக்கம். எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் ஒண்டுமில்லை, சுகம் என்போம். காய்ச்சலில் படுத்திருந்துகொண்டும் சொல்வோம். ஆனால் நான் சொன்னது அந்தப் பழக்கத்தில் இல்லை. தெரிந்துகொண்டுதான் சொன்னேன். மருந்து குறைந்தால் நோய் திரும்பும், நோய் திரும்பினால் நான் ஒரு கல்வெட்டு. அவ்வளவுதான் என் கணக்கு. விரலைக் கொடுத்து உயிரை வாங்குகிறேன் என்று நினைத்தேன். அதை டொக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஐந்தாவது கொக்கு மடிக்க முக்கால் மணித்தியாலம் போனது. சட்டைப் பொத்தானை அருளர் பூட்டிவிடும் நிலை வந்துவிட்டது. "கை களைப்பா இருக்கு" என்று அவருக்குச் சொன்னேன். படத்தைத் திருத்த ஒரு மணித்தியாலம். மௌஸ் பிடிக்க விரல் நுனி தேவையில்லை என்பதைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் என்பதை இன்றைக்கு எழுதும்போதுதான் முழுதாகப் புரிகிறது.

ஆறாவதுக்கு முந்தின கிழமை பிஸ்கற் ரின்னில் எறும்பு ஏறிவிட்டது. அருளர் கொக்குகளை வெளியே எடுத்து வைத்துத் துடைத்தார். அவருக்குக் கொக்கும் காகமும் ஒன்றுதான். ஆனால் என் படங்களைக் கனடாவில் இருக்கும் தங்கைக்குத் தவறாமல் அனுப்புகிறவர்.

"இந்த அஞ்சாவது, நீர் படத்திலை போட்டதுதானோ?" என்று கேட்டார்.

"இல்லை, அது பழுதாப்போனது. படத்துக்கு வேறை ஒண்டு மடிச்சனான்."

"அப்ப அது எங்கை?"

"எறிஞ்சிட்டன்."

மடித்த கொக்கை நான் ஒருநாளும் எறிந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். ரின்னை மூடி அலுமாரியில் வைத்தார்.

ஆறாவது கொக்குக்குச் சொண்டே வரவில்லை. மூன்று தரம் முனையைத் தள்ளினேன், மூன்றாவது தரம் தாள் கிழிந்தது. வேறு தாள் எடுக்க மனமும் இல்லை, பெலனும் இல்லை. கழுத்து மொட்டையாக நின்ற அந்தக் கொக்கைப் படமெடுத்து, மூன்றாவது கொக்கின் படத்திலிருந்து சொண்டை வெட்டி எடுத்து ஒட்டினேன். மகளின் கூந்தலை அம்மாவுக்கு வைத்த கை அல்லவா? ஒரு பிசிறு தெரியவில்லை.

மறுநாள் ஆறாவது மருந்து. இரத்த முடிவுகள் நன்றாக இருந்தன. டொக்டர் வழமையான கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தார். வயிற்றோட்டம்? இல்லை. வாய்ப்புண்? கொஞ்சம்.

"விரல் விறைப்பு?"

"குளிருக்கு மட்டும்தான் டொக்டர்."

அருளர் பைக்குள்ளிருந்து சுடுதண்ணிப் போத்தலை எடுத்தார். கோப்பையை எடுத்தார். எனக்குத்தான் தேநீர் ஊற்றப்போகிறார் என்று நினைத்தேன். பிறகு பிஸ்கற் ரின்னை எடுத்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். தடித்த விரல்களால் ஒவ்வொரு கொக்காக எடுத்து, சிறகுக்கு அடியில் இலக்கத்தைப் பார்த்து, ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசையாக நிறுத்தினார்.

"டொக்டர், இவ ஒவ்வொரு முறையும் இரத்தம் குடுத்திட்டு வந்து இதிலை ஒண்டு மடிக்கிறவ. எனக்கு இதைப்பற்றி ஒண்டும் தெரியாது. நீங்கள் ஒருக்கால் பாருங்கோ."

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. "ஏன் இதைக் கொண்டு வந்தனீங்கள்?" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். முதலாவதைப் பார்த்தார். நாலாவதைப் பார்த்தார். ஆறாவதைக் கையில் எடுத்துத் திருப்பினார்.

"இதுக்குச் சொண்டு எங்கை?"

டொக்டர் மேசையிலிருந்த வெள்ளைத் தாளில் ஒரு சதுரம் கிழித்து என் முன்னால் வைத்தார். "ஒண்டு மடிச்சுக் காட்டுங்கோ அம்மா. அவசரமில்லை."

தாள் மேசையோடு ஒட்டிக் கிடந்தது. அதன் ஓரத்தை நிமிர்த்தவே முடியவில்லை. நகத்தால் சுரண்டினேன். வழுக்கியது. பத்து வருடத்தில் ஆயிரக்கணக்கில் மடித்தவள், ஒரு தாளை மேசையிலிருந்து எடுக்க முடியாமல் இரண்டு பேர் பார்க்கச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தரம் வழுக்கியபோது அழுதேன். கூச்சத்தில் இல்லை. என் விரல்கள் போய்விட்டன என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"எப்ப இருந்து?" என்றார் டொக்டர்.

"நாலாவதிலை இருந்து."

"நான் கேட்டனான் எல்லே?"

"சொன்னா மருந்தைக் குறைச்சுப்போடுவியள் எண்டு பயம்."

அவர் கோபிப்பார் என்று காத்திருந்தேன். கோபித்திருந்தால் லேசாக இருந்திருக்கும். அவர் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டு சொன்னார்: "ஊசி மருந்தை இண்டைக்கே நிப்பாட்டிறம். குளிசை தொடரும். மிச்ச ஊசியாலை கிடைக்கிற நன்மை கொஞ்சம். நரம்புக்கு வாற பழுது நிச்சயம். இன்னும் ஏத்தினா இந்த விறைப்பு நிரந்தரமாக் கூட நிண்டிடும். நடக்கவும் கஷ்டமாகும்."

"அப்ப நோய் திரும்பி வந்தா?"

"வராது எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். எட்டு ஊசி போட்டாலும் பண்ணமாட்டன்."

அந்தப் பதிலைக் கேட்டு அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இப்போது அதைவிட நேர்மையான ஒரு வார்த்தையை எந்த மருத்துவரும் எனக்குச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது யன்னல் பக்கம் திரும்பியே இருந்தேன். அருளர் மடியில் ரின். இணுவில் தாண்டியபோது மெல்லச் சொன்னார்: "முப்பது வருசம் கடிதத்தோடை இருந்தனான் றோசி. உடைச்சு ஒட்டின கடிதம் கையிலை எடுத்தாலே தெரியும்."

நான் திரும்பி அவரைப் பார்த்துச் சொன்னேன்: "இனி எனக்கு நோய் வந்தா அது உங்களாலைதான்."

அவருடைய முகம் எப்படிப் போனது என்பதை இங்கே எழுதமாட்டேன். ஒரு படத்தில் என்றால் அந்த வார்த்தையை அழித்திருப்பேன். அது சொல்லப்பட்டுவிட்டது. அவர் ரின்னை இறுக்கப் பிடித்துக்கொண்டு, "சரி, வரட்டும். என்னாலை எண்டே வைச்சுக்கொள்ளும்" என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் மன்னிப்புக் கேட்டேன். "எப்ப சொன்னனீர்? எனக்கு நினைவில்லை" என்றார். இவர் பொய் சொன்னால் எனக்கும் தெரியும்.

மருந்தை நிறுத்தினால் மறுநாளே விரல் திரும்பிவிடும் என்று நினைக்காதீர்கள். நானும் நினைத்தேன். இந்த மருந்து நிறுத்திய பிறகும் சில மாதம் விறைப்பு கூடும், அதன் பிறகுதான் மெல்லக் குறையத் தொடங்கும், முழுதாகப் போகாமலும் விடலாம். டொக்டர் இதை முன்கூட்டியே சொன்னபடியால் பயந்து சாகவில்லை.

அந்த மாதங்கள் மோசமானவை. கால்விரல்களும் விறைத்தன. ஒரு ஞாயிறு தேவாலயத்துக்குப் போய் முதல் பாட்டுக்கு எழுந்து நின்றபோது பக்கத்தில் இருந்த அக்கா என் காலைப் பார்த்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது எங்கே கழன்றது என்று எனக்குத் தெரியாது. பூசை முடிந்ததும் அருளர் தெருவெல்லாம் தேடி, முச்சந்தியில் ஒரு நாய்க்குப் பக்கத்தில் கண்டெடுத்தார். நாங்கள் இருவரும் வீதியில் நின்று சிரித்தோம். மருந்து நின்ற பிறகு சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தரம்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு நாள் பெரிய வெள்ளைத் தாள் ஒன்றை மடித்துப் பழகிக்கொண்டிருந்தேன். மடித்து முடித்தபோது தாளெல்லாம் சிவப்பு. சாயம் எங்கிருந்து பட்டது என்று மேசையைப் பார்த்தேன், துணியைப் பார்த்தேன். கடைசியில் என் சுட்டுவிரலைப் பார்த்தேன். தாளின் ஓரம் வெட்டியிருக்கிறது. நான் அறியவில்லை. என் உடம்பில் நடந்ததை என் கண்தான் எனக்குச் சொன்னது. அன்றைக்குப் பயந்த மாதிரிச் சத்திரசிகிச்சைக்கும் நான் பயந்ததில்லை.

அதற்குப் பிறகு ஒரு பின்னேரம் ஆறு கொக்குகளையும் யன்னலில் வரிசையாக நிறுத்திப் படமெடுத்தேன். திருத்தாமல் குழுவில் போட்டேன். 'நாலும் ஐந்தும் ஆறும் நீங்கள் பார்த்த மாதிரி இல்லை. நான் படத்தைத் திருத்தினேன். டொக்டரிடமும் பொய் சொன்னேன்' என்று கீழே எழுதினேன். பிறகு மட்டக்களப்பில் இருந்து ஒரு பெண் எனக்குத் தனியாக எழுதினார். தானும் மார்புப் புற்றுக்கு மருந்து எடுப்பதாகவும், விரல் விறைப்பதைச் சொல்லாமல் இருப்பதாகவும், நாளைக்குச் சொல்லப்போவதாகவும். அவருக்கு என்ன ஆனது என்பதை அவர்தான் சொல்லவேண்டும். நான் சொல்வது சரியில்லை.

மருந்து நின்று எட்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். வந்த முதல் கிழமையே ஒரு கல்வெட்டு. நோயில் மெலிந்து, தலையில் துணி கட்டியிருந்த ஒரு பெண்ணின் படத்தைக் கணவர் கொண்டுவந்தார். அதில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தார். தலைமயிர் வைக்கவோ என்று கேட்பதுதான் என் வழக்கம். அன்று, "இது இப்பிடியே இருக்கட்டுமோ?" என்று கேட்டேன். கணவர் குனிந்து படத்தைப் பார்த்தார். "ஓம், கடைசியா அப்பிடித்தான் சிரிச்சவ" என்றார். எல்லாருக்கும் இது பொருந்தாது. சிலர் இன்னும் கூந்தல் கேட்கிறார்கள், வைத்துக் கொடுக்கிறேன்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கான். இதுவரை எடுத்தவற்றில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்ததில் தெரியலாம். அந்த 'லாம்' என்னோடு பஸ்ஸில் வருகிறது, குசினியில் நிற்கிறது. அதை விரட்டும் வழி எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முன்பெல்லாம் காலத்தை ஆண்டுகளாக நினைப்பேன், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, நடுவில் ஒரு கோடு, என் தொழில் அப்படி. மருந்தெடுத்த காலத்தில் அது மூன்று கிழமையாகச் சுருங்கியது. இப்போது ஒரு கொக்கு மடிக்க அரை மணித்தியாலம் ஆகிறது. கண்ணால் பார்த்து, அடிமட்டத்தை (அளவுகோலை) வைத்து, ஒவ்வொரு ஓரமாகச் சேர்க்கிறேன். அந்த அரை மணித்தியாலம் முழுவதும் நான் அங்கேயே இருக்கிறேன். ஆறு நிமிடத்தில் மடித்த காலத்தில் நான் எங்கே இருந்தேன் என்று தெரியவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. நாலு மணி வெளிச்சம் வந்துவிட்டது. தவம் அண்ணை தந்த நீலத் தாளில் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. ஏழாவது கொக்கை மடித்துக்கொண்டிருந்தேன். சொண்டு வந்துவிட்டது, ஒரு பக்கம் வெள்ளைக் கோடு தெரிய, கொஞ்சம் கோணலாக. சிறகை விரிக்கத் தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.

சுரீர் என்றது.

கையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெறும் விரல். பிறகுதான் ஒரு சிறு கோடு சிவந்து, அதிலிருந்து ஒரு துளி எழும்பியது. முதலில் எரிவு வந்தது, இரத்தம் பிறகுதான். அந்த ஒரு கணத்தை, கண்ணுக்கு முந்தி விரல் எனக்குச் சொன்ன அந்த ஒரு கணத்தை, நான் ஒரு வருடத்துக்கு மேல் இழந்திருந்தேன்.

"இஞ்சேருங்கோ! தாள் வெட்டிப்போட்டுது!" என்று கத்தினேன்.

அருளர் முற்றத்திலிருந்து ஓடிவந்தார். நான் அழுதுகொண்டு சிரிப்பதைப் பார்த்துத் திகைத்து, அலுமாரியைத் திறந்து பிளாஸ்ரரைத் தேடி எடுத்து, என் முன்னால் முழங்காலிட்டு விரலைப் பிடித்தார். விஷயம் அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"எரியுதோ?" என்றார்.

"ஓம்."

"ஒட்டிவிடட்டோ?"

"பொறுங்கோ" என்றேன். "இன்னும் கொஞ்சம் எரியட்டும்."